பிளாஸ்திரி போன இடம்

திருடன் வாசலிலேயே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கையில் திருப்புளி, மடியில் பிரித்துப் போட்ட மின்விசிறி, தோளில் ஒரு துண்டு.

“பாத்தீங்களா நர்ஸம்மா? காலைல பத்து மணிக்கு என்ன தூக்கம்!” அண்ணி ஜன்னல் வழியே பக்கத்துப் போர்ஷனைக் காட்டினாள். “இவர் நெஞ்சுல இருந்த பிளாஸ்திரியை உரிச்சுட்டுப் போனது என் கொழுந்தன்தான். வேற யாரு?”

கட்டிலில் கிடந்த அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். முதுகெலும்பில் புற்றுநோய். பிளாஸ்திரி போன நேரத்திலிருந்து வலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, இப்போது வியர்க்க வைத்துக்கொண்டிருந்தது.

அது காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி அல்ல. அதிலுள்ள அபின் வகை மருந்து மூன்று நாளைக்கு மெல்ல மெல்லத் தோல் வழியே இறங்கும். நர்ஸ்தான் முந்தாநாள் அண்ணனின் காறையெலும்புக்குக் கீழே ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்.

“நேத்து காலைல துடைச்சுவிடும்போது இருந்துச்சு. சாயங்காலம் இல்ல. நடுவுல நான் வெளிய போனது மூணு மணிக்கு, இவருக்காகப் பிரார்த்தனை பண்ணத்தான்.”

“மெத்தையில, போர்வையில தேடினீங்களா?”

“உதறியே பாத்துட்டேன். இந்த மனுஷன் கால்மாட்டுக்குச் சரிஞ்சு சரிஞ்சு போறாரே, அடியில ஒட்டியிருக்குமோன்னு. ஆனா ஒண்ணு சொல்லணும். நான் கிளம்பும்போது கால் கட்டிலுக்கு வெளிய தொங்கும். திரும்பி வந்தா தலையணைக்கு ஏறிப் படுத்திருப்பாரு. தினமும்! எனக்கு இடுப்பு வலி, தூக்க முடியலைன்னு வேண்டிக்கிட்டேன் இல்ல? கடவுளே வந்து தூக்கி விடறாரு.”

நர்ஸ் சிரிக்கவில்லை. “பிளாஸ்திரி கிடைக்கலைன்னா நான் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தாகணும். வீட்டு ஆளே திருடினதுன்னு ஆச்சுன்னா, இனிமே வீட்டுக்கு மருந்து தரமாட்டாங்க. அண்ணன் வார்டுலதான் போய்ப் படுக்கணும்.”

“வார்டுக்கா?” அண்ணியின் குரல் இறங்கிப்போனது. “என் சொந்தச் சுவரைப் பாத்துக்கிட்டே போயிடறேன்னு சொன்னவராச்சே.”

அண்ணன் தம்பிக்குள் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. வீட்டைப் பிரித்தபோது அம்மாவின் தையல் மிஷின் யாருக்கு என்பதில் வந்த சண்டை. இருவருக்கும் தைக்கத் தெரியாது.

ஜன்னலுக்கு அப்பால் திருடன் தூக்கத்திலேயே மூக்கைச் சொறிந்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொறிந்தான். நர்ஸ் சட்டென்று பையை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினாள். அண்ணியும் பின்னாலேயே போனாள், கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசையில்.

நர்ஸ் அவன் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்கு எட்டு.

“ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க!”

“திருடனுக்கு ஆம்புலன்ஸா?”

“உங்க வீட்டுக்காரர் உடம்புக்கு இந்த மருந்து பழகிப்போச்சு. இது பழகாத உடம்பு. மூக்கு அரிக்கிறதும் கண்மணி சுருங்கறதும் அந்த மருந்தாலதான். தூங்கிக்கிட்டே மூச்சு விட மறந்துடும். சீக்கிரம்!”

அந்த மருந்தை முறிக்கும் மாற்று ஊசி போடுவதற்காகத் துண்டை இழுத்தாள். பனியன் மறைக்காத இடத்தில், தோளின் பின்பக்கம், பாதி மடிந்து கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தது பிளாஸ்திரி. அதை உரித்து எடுத்துவிட்டு ஊசியைப் போட்டாள். அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

“அடப்பாவி! திருடினதும் இல்லாம ஒட்டிக்கிட்டு வேற திரியறானா?”

“தானா ஒட்டிக்கிறவன் கைக்கு எட்டாத இடத்துலயா, இப்படிக் கோணலா ஒட்டிப்பான்?” நர்ஸ் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். “சரிஞ்சு கிடக்கிறவரை மேல ஏத்தணும்னா, அவர் நெஞ்சை நம்ம தோள்ல சாய்ச்சுக்கிட்டுத்தான் தூக்கணும். வியர்வையில கழண்டது இங்க வந்து ஒட்டிக்கிச்சு. உங்க பிரார்த்தனைக்கு வந்த கடவுள் இவர்தான்.”

அண்ணி அப்போதுதான் போனை எடுத்து ஆம்புலன்ஸை அழைத்தாள்.

ஊசி வேலை செய்ய, தம்பி கண் விழித்தான். “நர்ஸம்மா, அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க,” என்றான் குழறலாக. அண்ணி அவன் தலைமாட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். “பின்கதவு வழியாத்தான் போவேன். அண்ணன் தூங்குற நேரமாப் பாத்து. அவருக்குத் தெரிஞ்சா தொட விடமாட்டாரு.”

செய்கிற நல்லதை ஒளித்து வைக்கப் பார்ப்பவர்களிடம் ஆண்டவனுக்குக் கொஞ்சம் குறும்பு உண்டு. அதை அவர்கள் முதுகிலேயே ஒட்டி அனுப்பிவிடுவார்.

நர்ஸ் திரும்பி வந்து அண்ணனுக்குப் புது பிளாஸ்திரி ஒட்டி, ஓரமெல்லாம் டேப் போட்டாள். அது வேலை செய்யும் வரை வலி தாங்க ஒரு மாத்திரையும் கொடுத்தாள். ஏட்டில் எழுதினாள்: “வியர்வையில் கழன்றது. தூக்கிவிட்ட உறவினர் தோளில் ஒட்டிக்கொண்டது. திருட்டு அல்ல.” அண்ணனை வார்டுக்கு அனுப்ப இனி யாருக்கும் காரணம் இல்லை.

தோலுக்குள் இறங்கிய மருந்து தீரும்வரை தம்பி ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெச்சர் ஜன்னலோரமாக நகர்ந்தபோது, அண்ணி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கட்டிலிலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் வாயைத் திறந்தார்.

“டேய், சீக்கிரம் வந்து சேருடா. நீ இல்லாம நான் யாருக்காகத் தூங்குற மாதிரி நடிக்கிறது?”