காற்று வரும் பக்கம்

தலைவர் கயிற்றைத் தாண்டினார்.

தாண்டினார் என்பது ஒரு மரியாதைக்கு. நிலைய அதிகாரி மகுடபதி குனிந்து கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். தலைவர் தலையைக்கூடக் குனியாமல் உள்ளே போனார். பின்னால், அவரோடு ஊரிலிருந்து வந்த குழு போனது. அதன் பின்னால் கேமரா.

அவள் இந்தப் பக்கமே நின்றாள். கையில், பனி மாதிரி எடுக்கும் காலிப் புட்டி.

தென்துருவக் கண்டத்தின் கரையோரம் இந்த நிலையம் இருக்கும் இடத்தில், காற்றுக்கு ஒரே திசை. அது வரும் பக்கத்தில் ஒரு வெள்ளை வெளி. ஜெனரேட்டர் புகை அங்கே போகாது. சமையல் புகை போகாது. ஆளும் போகக்கூடாது.

கயிறு கட்டியதே மகுடபதிதான்.

சமையல்காரர் சேவியர் ஒருநாள் பென்குயினைப் படம் எடுக்கக் கயிற்றுக்குள் ஒரு கால் வைத்துவிட்டார். ஒரு கால்தான். சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் மகுடபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"பனின்னு நெனச்சியாய்யா? அது பூமியோட ஆவணம்."

சேவியர் ஆவணத்திடம் மன்னிப்புக் கேட்காததுதான் பாக்கி.

அவளே வருடத்துக்கு ஒருநாள்தான் உள்ளே போவாள். கோடை முடிகிறபோது. வெள்ளை அங்கி, முகமூடி. காற்றுக்கு எதிராக நடந்து, தன் மூச்சு படாமல், அந்த ஆண்டு விழுந்த பனியை வழித்து எடுப்பாள். ஊர் உலகத்துப் புகை இத்தனை தூரம் வந்து எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்ப்பாள்.

நான்கு வருடம் எடுத்தாயிற்று. இது ஐந்தாவது. இதோடு ஆராய்ச்சி முடிகிறது. வேலை நிரந்தரமாகலாம்.

விழுந்த பனி ஆண்டுக்கு ஓர் அடுக்காக இறுகி, பல காலம் கழித்துப் பனிப்பாறையாகும். அவள் வழித்துப் படிப்பது, கோடை தாண்டி இரண்டுக்கும் நடுவில் கிடப்பதை. பனியும் இல்லை, பாறையும் இல்லை.

அவளுக்குத் தற்காலிக நியமனம்.

இன்று காலையிலேயே உள்ளே போயிருக்க வேண்டியவள். பேனரைக் கம்புகளில் கட்ட ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள்.

பேனரில் எழுதியிருந்தது: தடம் பதிக்காமல் காப்போம்.

குழுவில் இருவர் அதை விரித்துப் பிடிக்க, தலைவர் முன்னால் நின்றார். கண் கலங்கியது. இந்தக் குளிரில் எல்லோருக்கும் கலங்கும்.

"மனுஷன் காலே படாத எடத்துல நிக்கிறோம்" என்றார்.

கேமராக்காரர் தயங்கினார். "சார், கீழ கால் தடமா தெரியுது. கொஞ்சம் அந்தப் பக்கம் போயிட்டா சுத்தமா இருக்கும்."

போனார்கள்.

அங்கும் சுத்தமாக இல்லாமல் போனது.

இன்னும் தள்ளிப் போனார்கள்.

தலைவர் ஒவ்வோர் இடத்திலும் மனிதன் காலே படாத இடத்தைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது தடவை நன்றாக வந்தது.

அதற்குள் அவருக்கு முழங்கால் வலி. திரும்பி நடக்க முடியாது. மகுடபதி வாக்கிடாக்கியை எடுத்து, ஹெலிகாப்டரை அங்கேயே வந்து இறங்கச் சொன்னார்.

வெள்ளை வெளி மொத்தமும் ஒருமுறை எழுந்தது. கரும்புகையோடு சுழன்றது. பிறகு அமர்ந்தது.

தலைவர் ஜன்னல் வழியாகக் கை அசைத்தார்.

சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். தூக்கம்தான் வந்தது.

நாளைக்கு ஊர் திரும்பும் கப்பல். இந்த வெளிக்கு அப்பால் பனிப் பிளவுகள். வேறு இடம் இல்லை.

மகுடபதி பேனரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் புட்டியைப் பார்த்தார்.

"எடுத்துடும்மா."

"இதையா சார்?"

"பின்ன? இந்த வருஷம் விட்டுப்போச்சுன்னா ஏன்னு கேப்பாங்க. என்னைத்தான் கேப்பாங்க. கிராஃப்ல கோடு ஏறியிருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. கைதட்டுவாங்க."

அவள் உள்ளே கிடந்த தடங்களைப் பார்த்தாள்.

"நீயே யோசிச்சுப் பாரு. அஞ்சாவது வருஷம் புகை திடீர்னு ஏறியிருக்கு. உலகமே பதறும். தலைவரே கூப்பிட்டுப் பேசுவாரு. உனக்கும் வேலை நிரந்தரம்."

தலைவர் பதறுவார் என்பதில் அவளுக்கும் சந்தேகமில்லை. அவருடைய புகையைப் பார்த்து அவரே பதறுவார். அதற்கும் ஒரு பேனர் இருக்கும்.

கயிற்றைத் தாண்டினாள். அங்கி போடவில்லை. முகமூடி போடவில்லை. எந்தத் தடத்தில் கால் வைக்கிறோம் என்றும் பார்க்கவில்லை. மண்டியிட்டு, ஒரு பூட்ஸ் தடத்துக்குள்ளிருந்து பனியை வழித்துப் புட்டியை நிரப்பினாள். சாம்பல் பூத்த பனி. மூடியை இறுக்கினாள்.

மகுடபதிக்கு முகம் மலர்ந்தது. "அவ்வளவுதாம்மா. இதுல என்ன இருக்கு."

அவள் புட்டியின் மேல் சீட்டை ஒட்டினாள். இடம் எழுதினாள். தேதி எழுதினாள். மாதிரி எடுத்தவர் என்ற இடத்தை விட்டுவிட்டாள்.

புட்டியை அவரிடம் கொடுத்தாள்.

"இதுல கையெழுத்து நீங்க போட்டுடுங்க சார்."

மகுடபதி புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலதுகைக் கையுறையைக் கழற்றினார். விரல்களை ஊதிக்கொண்டார். ஹெலிகாப்டர் போன திசையைப் பார்த்தார். கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பேனா இந்தக் குளிர்ல எழுதாதேம்மா" என்றார்.

அவள் நீட்டியிருந்தது பென்சில்.