மூன்றாம் பாகத்துத் தாவல்

"எது உசத்தி, ரெண்டாவதா மூணாவதா?" என்று முகாய் கேட்டபோது ஷூஹேய்க்குக் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

பெண் கேட்டு வந்த இடத்தில் காலை நீட்டி உட்கார முடியுமா? வந்ததிலிருந்து மண்டிபோட்டுத்தான் உட்கார்ந்திருந்தான். கொண்டுவந்த இனிப்புப் பெட்டி பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. நுழைந்ததுமே வாய்தவறி "மாமா" என்று சொல்லிவிட்டு, "யாருக்கு யாருப்பா மாமா?" என்று வாங்கிக்கட்டிக்கொண்டதும் ஆயிற்று.

உன் சம்பளம் என்ன, என் பெண்ணை அழவிடாமல் வைத்துக்கொள்வாயா என்று கேட்டிருந்தால் சமாளித்திருப்பான். கேள்வி 'இடிப்பயல்' பற்றியது.

அது வீடியோ கேம். மேளத்தைத் தொலைத்த வாண்டு ஒருவன் மேகத்துக்கு மேகம் தாவித் தாவி அதைத் தேடிப் போவான். பதினொரு பாகம் வந்துவிட்டது. முதல் பாகம் கரடுமுரடு, ஐந்தாவதில் கதை அதிகம், ஏழாவதைப் பற்றி நல்ல குடும்பத்தில் பேசமாட்டார்கள். சண்டையெல்லாம் இரண்டுக்கும் மூன்றுக்கும்தான்.

அந்த வாண்டுக்குத் தாவக் கற்றுக்கொடுத்தவரே இந்த முகாய்தான். ஆட்டம் ஜெயித்ததும் திரையில் ஓடும் பெயர்களில் 'இடிந்த சுவர்' என்று வருவது இவர். அந்தக் காலத்தில் போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று யாருடைய நிஜப் பெயரையும் போடமாட்டார்கள். இடிந்த சுவர், வெங்காயத்தாள், தூங்குமூஞ்சி என்றுதான் ஓடும். தன் அப்பாதான் இடிந்த சுவர் என்று காதலி சிஹாரு சொன்ன அன்று ஷூஹேய்க்குச் சோறு இறங்கவில்லை.

சிஹாரு அவனை ரயிலிலேயே தயார்செய்துதான் கூட்டிவந்தாள். "கண்ண மூடிக்கிட்டு ரெண்டுன்னு சொல்லிடு. மூணுன்னு சொன்னவங்ககிட்ட அப்பா அதுக்கப்புறம் முகங்கொடுத்தே பேசினதில்ல."

ஒசாகா வரும்வரை ரெண்டு, ரெண்டு என்று அவனும் உருப்போட்டான்.

இப்போது சிஹாரு அவன் முதுகில் விரலால் இரண்டு தட்டு தட்டினாள்.

"மூணுதான் சார்," என்றான் ஷூஹேய்.

அண்ணன் கழித்துப்போட்ட பழைய கேம் பெட்டியில் ஒன்பது வயதில் பழகிய தாவல் அது. இன்னும் கட்டைவிரலில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. சரி, முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

"ரெண்டுல பய மூட்டை மாதிரி போறான் சார். மூணுல பஞ்சு. அந்தத் தாவலை மாத்தினீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்குக் கும்பிடு போடணும்."

சிஹாரு முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்துச் சாப்பாட்டு மேசையில் அவள் அம்மா எட்சுகோ பணியாரக் கல் மாதிரி ஒரு தட்டில் ஆக்டோபஸ் உருண்டைகளைக் குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கை ஒரு நொடி நின்று, மறுபடி புரட்டியது.

முகாய் எழுந்தார். போச்சு, வாசலைக் காட்டப்போகிறார் என்று ஷூஹேய் நினைத்தான். அவர் டிவிக்கு அடியிலிருந்து பழைய கேம் பெட்டியை இழுத்து மூன்றாவதைச் செருகினார். டிவியின் சத்தத்தை முழுக்க அமுக்கிவிட்டு, கன்ட்ரோலரை ஷூஹேய் கையில் கொடுத்தார்.

"தாவு."

ஷூஹேய் தாவினான். வாண்டு மூட்டை மாதிரி எழுந்து மூட்டை மாதிரி விழுந்தான். இன்னொரு தடவை தாவினான். அதே மூட்டை. கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கையில இருக்கறத ஏன் பாக்கற? அது நல்லாத்தான் இருக்கு," என்றார் முகாய். "தாவலுக்குன்னு ரெண்டுல போட்ட எண்ணுல ஒண்ணக்கூட நான் மூணுல மாத்தல. சத்தம் மட்டுந்தான் புதுசு. ஆனா பாக்கறவனெல்லாம் மூணாவது தாவல் பிரமாதம்னு என் கையப் பிடிச்சுக் குலுக்கறான். நான் என்னத்தச் செஞ்சேன், குலுக்கறதுக்கு?"

ஷூஹேய் இன்னொரு தடவை தாவிப் பார்த்தான். மூட்டைதான்.

"ரெண்டுன்னு சொல்லச் சொல்லித்தான கூட்டிட்டு வந்திருப்பா இவ?"

"ஆமா சார். ஆனா வாய் வரல."

முகாய் சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பினார்.

"ஏ வெங்காயத்தாளு, உன் கட்சிக்கு ஆள் சேந்தாச்சு. இனிமே இந்த வீட்டுல என் பேச்சு எடுபடாது."

சிஹாரு அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்படி ஒரு பெயரை அவள் இந்த வீட்டில் கேட்டதே இல்லை.

"முன்னாடி மட்டும் எடுபட்டுச்சாக்கும்," என்றார் எட்சுகோ, புரட்டுவதை நிறுத்தாமல். "பிள்ளைய எழுந்து வந்து சாப்பிடச் சொல்லுங்க. ஆறிடும்."

ஷூஹேய்க்கு எழுந்து எட்சுகோவை வணங்கவேண்டும் போல் இருந்தது. எழுந்தான். கால் இருந்தால்தானே? ஒற்றைக் காலில் கோணலாக ஒரு தத்துத் தத்திச் சுவரைத் தேடினான்.

"மெதுவாப்பா. மாமா கையப் பிடிச்சுக்கோ," என்றார் முகாய்.

பிடித்துக்கொண்டு அடுத்த தத்துத் தத்தினான்.

'பியூங்' என்று கேட்டது.

ஒன்பது வயதிலிருந்து அவன் காதில் இருக்கும் அதே சத்தம். உடம்பு பஞ்சாகிப்போனது. திரும்பி டிவியைப் பார்த்தான். அது ஊமையாகவேதான் இருந்தது.

எட்சுகோ குவித்த உதட்டோடு அடுத்த உருண்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.