பியூஸ் கட்டை

புது பியூஸ் கட்டையை மாட்டிவிட்டு கம்பெனி இன்ஜினியர் டெல்பின் விளக்குக் கம்பத்துப் பெட்டியை மூடினாள். இருட்டத் தொடங்கியிருந்த கடற்கரை பகல் மாதிரி ஆனது.

ஆண்கள் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத்தான் தூத்துக்குடிக் கம்பெனி இந்த விளக்கைப் போட்டுக் கொடுத்தது. கேட்டது ஊர்க்கூட்டத்தில். அங்கே ஆண்கள்தான் பேசுவார்கள். நாங்கள் கோயில் சுவரோரம் நின்று கேட்டுவிட்டு வர வேண்டியதுதான். படகு ஏற்ற இறக்க வெளிச்சம் வேண்டும் என்றார் கமிட்டித் தலைவர் ஜாக்சன். அவர் என் வீட்டுக்காரர்.

நியாயம்தான். ஆனால் கம்பத்துக்குப் பின்னால் உடைமரக் காடு. இருட்டியதும் ஊர்ப் பெண்கள் ஒதுங்குகிற ஒரே இடம். வெளிச்சம் நேரே அங்கே போய் விழும் என்பது ஓர் ஆம்பளை மண்டையிலும் உறைக்கவில்லை.

விளக்கு வந்த அன்றிலிருந்து என் மகள் ஜெஸ்லின் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அவரிடம் சொன்னேன். "ஊரே கேட்டு வாங்கின லைட்டு. உனக்கு மட்டும் என்னளா?" என்றார்.

அதற்குப் பிறகுதான் பியூஸ் கட்டை காணாமல் போக ஆரம்பித்தது. மாட்ட மாட்ட யாரோ உருவினார்கள். உப்புக்காற்றில் பெட்டியின் பூட்டு ஒரு வாரம்கூடத் தாங்காது.

"எவன்னு தெரிஞ்சா ஊரை விட்டே தள்ளி வச்சிருவேன்" என்று இன்றைக்கும் டெல்பின் முன்னால் கத்தினார். எவன், எவன் என்றுதான் அவருக்கு வாயில் வருகிறது.

ஆண்கள் காப்பி குடிக்க நகர்ந்ததும் டெல்பின் என் பக்கம் வந்தாள்.

"அக்கா, பாத்ரூம் எங்க இருக்கு? மத்தியானத்துல இருந்து அடக்கிட்டு இருக்கேன்."

எங்கள் வீட்டுக் கக்கூஸ் கதவைத் திறந்து காட்டினேன். கூரை வரை வலை. குழாயில் தண்ணீர் வராத கக்கூஸை வேறு எதற்கு வைத்துக்கொள்வது? எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

பிறகு உடைமரக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். எதுவும் சொல்லவில்லை. அவளே பார்க்கட்டும்.

ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது. கரையில் உட்கார்ந்து பீடி குடிப்பவர்களின் முகமும் தெரிந்தது. டெல்பின் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

விறுவிறுவென்று கம்பத்துக்கு நடந்தாள். பெட்டியைத் திறந்தாள். எந்தப் பக்கம் பிடித்து இழுக்க வேண்டும் என்று காட்ட என் கை தானாக நீண்டது. அந்தக் கையை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவளே உருவினாள்.

நாங்கள் இருட்டில் காட்டுக்குள் ஒதுங்கிவிட்டுத் திரும்பியபோது ஆண்கள் டார்ச்சோடு கம்பத்தைச் சுற்றி நின்றார்கள்.

"பாத்தியளா மேடம், நீங்க இங்கன இருக்கும்போதே உருவிட்டான் களவாணிப்பய" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான்தான் எடுத்தேன் அண்ணாச்சி." டெல்பின் கைப்பையைத் தட்டிக் காட்டினாள். "எல்லா வீட்டுக் கக்கூசுக்கும் தண்ணி வரட்டும். அன்னைக்கு நானே வந்து மாட்டுதேன். கம்பெனியில நான் பேசிக்கிடுதேன்."

அவர் காலிப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "அப்போ முன்னால போனதெல்லாம்?"

டெல்பின் என் பக்கம் திரும்பவே இல்லை. "அதுவும் நான்தான்னு வச்சுக்கோங்க."

வீட்டுக்கு வந்ததும் ஜெஸ்லினுக்கு ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அவள் வாசல் வழியாகக் கடற்கரையைப் பார்த்தாள். இருட்டாக இருந்தது. மடமடவென்று குடித்தாள்.

அவள் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, அரிசிப் பானைக்குள் கையை விட்டேன். அடியில் கிடந்த பியூஸ் கட்டைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன.