எதிர் வாசல் நாவல்

"நாவல எதிர் வூட்டு வாசல்ல நடுங்க. எனக்குப் புங்கன் போதும்."

கலியமூர்த்தி கூசாமல் சொன்னார். குழி தோண்ட வந்த நகராட்சி ஆள் பச்சமுத்து தலையைச் சொறிந்தான்.

போன புயலில் எங்கள் தெருவின் தூங்குமூஞ்சி மரங்கள் மொத்தமும் சாய்ந்துவிட்டன. ஒரே ஜாதி மரமாக வைத்தால் எல்லாம் ஒன்றாகத்தான் போகும் என்று, இந்த முறை வேம்பு, பூவரசு, புங்கன் எனக் கலந்து கொடுத்திருந்தார்கள். கூடவே ஒரே ஒரு நாவல். அதை வாங்கத்தான் ஆளில்லை. பழம் விழுந்தால் வாசல் என்னத்துக்கு ஆகும்?

எதிர் வீட்டு ஆதிலட்சுமி சும்மா விடுவாளா? கேட்டுக்கு வெளியே தெரு வரைக்கும் வெள்ளை டைல்ஸ் போட்டு வைத்திருப்பவள்.

"ஏண்ணே, உங்க வாசல் சுத்தமா இருக்கணும், எங்க வாசல் கறையாவணுமா?"

"பழம் வுழுந்தா நானே வந்து கூட்டிடறேம்மா."

"அத உங்க வூட்லயே நட்டுக் கூட்டிக்க வேண்டியதுதான!"

தெருவே அவள் பக்கம். பீங்கான் சூளையில் வேலை பார்த்துப் பார்த்து மனுஷனுக்கு நெஞ்சும் சுட்ட மண்ணாகிவிட்டது என்று நான்கூடச் சொன்னேன்.

அவர் கடைப்பக்கம் நடந்துவிட்டார். ஆத்திரம் தீராத ஆதிலட்சுமி, அவர் மனைவியிடமே கேட்டுவிடுவதென்று அவர் வீட்டுக்குள்ளே போனாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

ஜன்னலோரக் கட்டிலில் சொர்ணாம்பாள் படுத்திருந்தார். ஒரு பக்கம் கைகால் விழுந்ததிலிருந்து நாங்கள் யாரும் சரியாக எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"அண்ணன் செய்யறது நியாயமா அண்ணி?"

"நாவலுக்குத்தான சண்ட? எங்க வாசல்ல நட்டா இந்த ஜன்னல்ல தெரியாதும்மா. படுத்திருந்தா உன் வாசல்தான் தெரியுது."

வெளியே பார்த்தபடி அவர் சிரித்தார்.

"முன்ன அங்கதான் ஒரு நாவமரம் இருந்துச்சி. பொம்மக் கம்பெனியில பொம்மைக்கெல்லாம் கண்ணு எழுதிட்டு வருவேன். உங்கண்ணன் கெளைய உலுக்குவாரு, நான் முந்தானையில ஏந்துவேன். ஊதா நாக்கக் காட்டிக்கிட்டு ரெண்டு பேரும் சிரிப்போம். நீ வூடு கட்டறப்ப அது போயிடுச்சி."

ஆதிலட்சுமியின் குரல் இறங்கிவிட்டது.

"அண்ணன் இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"சொன்னா, வெட்டுனது நாமதானேன்னு நீ சங்கடப்படுவியாம். வேணாம்னுட்டாரு. இது காய்க்கற வரைக்கும் நான் இருப்பனோ என்னமோ. எல ஆடறது தெரிஞ்சா போதும்."

ஆதிலட்சுமி வெளியே வந்தாள்.

"அக்கா, நாவல வேணா ஜங்ஷன் பக்கம் எடுத்துட்டுப் போயிடவா?" என்றான் பச்சமுத்து. "இல்ல, உங்க மதில் மூலையில ஓரமா நட்டுடவா?"

ஆதிலட்சுமி திரும்பி எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"மூலையில வேணாம், அண்ணி வூட்டுத் தூணு மறைக்கும். ஜன்னலுக்கு நேரா, இந்த டைல்ஸப் பேத்துட்டு நடு."