கரை நின்றது

1961 ஐப்பசி அடைமழையில், நிலக்கோட்டைப் பக்கத்துப் பெரிய வாய்க்கால் ஊர்க்கரையை அரித்துக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து ஊரே திரண்டு மண்மூட்டை அடுக்கியது. எல்லோருக்கும் முன்னால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர் ஆண்டிச்சாமி.

"செத்த நேரம் ஒக்காருங்க மாமா, நாங்க பாத்துக்கிறோம்" என்றான் அவருடைய அக்கா மகன் நாச்சிமுத்து.

"கரை போனா ஊரே போயிரும். ஏலே, மூட்டையைக் குடு!"

ஒவ்வொரு மூட்டைக்கும் நடுவில் அவர் எதிர்க்கரையைப் பார்த்தார். வெள்ளத்தை அளக்கிறார் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டான்.

மதியத்துக்கு மேல் இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். இந்தப் பக்கம் வழி கிடைக்காத வெள்ளம், எதிர்க்கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. இங்கே தண்ணீர் மளமளவென்று இறங்கியது.

"நம்ம கரை நின்னுருச்சு! ஊரு பொழச்சிருச்சு!"

கத்திக்கொண்டே மாமாவைத் தோளில் தூக்க ஓடிய நாச்சிமுத்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அதுவரை மண் சுமந்துகொண்டிருந்த ஆண்டிச்சாமியின் மனைவி சுந்தரம்மாள், கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்து அவரைப் பிடித்து உலுக்கினாள்.

"அந்தப் பக்கத்துப் பள்ளத்து வீட்லதானே நம்ம மக கைப்பிள்ளையோட இருக்கா! நீங்க ஒரு மூட்டை, நான் ஒரு கூடை... கொறச்சுப் போட்டிருக்கக் கூடாதா?"