மண்டிக்கு ஒரு போன்

உண்மையின் விலை ஒரு ரூபாய். கல்வராயன் மலைக்குக் கூட்டுறவுச் சங்கம் கொண்டுவந்த போனில் பேச அவ்வளவுதான் கட்டணம்.

புளி மூட்டைகளோடு வந்த இருசப்பன், கள்ளக்குறிச்சி மண்டிக்காரர் வீரமுத்துவை அழைத்தார்.

“புளி இன்னா வெலைங்க?”

“கிலோ பன்னெண்டு. அதுவே ஜாஸ்தி.”

சங்கச் செயலாளர் அம்சவள்ளி தலையில் அடித்துக்கொண்டார். “அந்தாளு வாயத் தொறந்தாலே பொய்யி! ஏமாறதுக்காண்ணா மலைக்குப் போன் கொண்டாந்தோம்?”

இருசப்பன் போனை வைத்தார். வெளியே லாரியோடு காத்திருந்த மணலூர்பேட்டை வியாபாரியிடம் போய், “இருபத்தி நாலுக்குக் கம்மியா தரமாட்டேங்க” என்றார்.

வியாபாரியின் முகம் சுண்டியது. “மலையில உக்காந்துகினு சந்தை வெலைய எப்பிடிய்யா புட்டுப்புட்டு வைக்கிற?” என்று முனகியபடி பணத்தை எடுத்தார்.

அம்சவள்ளி வாய் பிளந்தார். “எப்பிடிண்ணா?”

“வீரமுத்து எப்பவும் பாதி வெலைதாம்மா சொல்லுவாரு. இத்தினி வருசத்துல ஒருதபாகூட நாணயம் தவறல.”

சங்கத்தில் அன்றைய கணக்கு முடிந்தது. வீரமுத்துவுக்கு நன்றி மட்டும் பாக்கி.