கரி பூசிய சுவர்

கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பராவில், கார் பேட்டரியில் ஓடும் தொலைக்காட்சியில் அதே காம்பரா தெரிகிறது. "நம்ம லோஜினி வீடுடி!" என்று கூடியிருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். கொழும்பு கார்மெண்ட்ஸில் ஆட்குறைப்பு என்று அனுப்பப்பட்டு வந்த லோஜினி, தீபாவளிக்குத் தன் கையால் வெள்ளையடித்த சுவர்தான் திரையில் தெரிவது. வேலையில்லாத இளைஞர்களைப் பற்றி நாடகம் எடுக்க வந்தவர்கள், "ஏழை வீடு மாதிரியே இல்லையே" என்று அதில் கரி பூசினார்கள். "திரும்ப வருவோம், கழுவாதீங்க" என்று சொல்லிப் போனவர்கள்தான். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் அந்தக் கரி இன்னும் அப்படியே இருக்கிறது. திரையில் கதாநாயகன் அதில் சாய்ந்து, "இந்த அழுக்குலதான் பொறந்தேன்" என்று விம்முகிறான். லோஜினி ஈரத்துணியோடு எழுந்து, திரையை மறைத்து நின்று சுவரைத் தேய்க்கிறாள். "மறைக்காதடி, நம்ம வீட்டக் காட்டுறாங்க!" என்கிறாள் அம்மா. "நம்ம வீடு இங்கன இருக்கும்மா!" கரியோடு வெள்ளையும் சேர்ந்து உரிகிறது. அவள் கை நிற்கவில்லை.